நம்பவைத்தல்

"நம்பவைத்தான்" என்று ஒருவர் வாக்கியத்தைத் தொடங்கினாற் போதும். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அதன் முடிவு முன்னரே தெரிந்துவிடும். நம்பவைத்துக் கழுத்தறுத்தான், நம்பவைத்து மோசம் செய்தான், நம்பவைத்து நடுத்தெருவில் விட்டான் என்றே அது போய் முடியும். நம்பவைத்து நன்மை செய்தான் என்று எவரும் சொல்ல நான் கேட்டதில்லை. தன் பின்னால் வரும் சொற்களோடு கூடிக் கூடிக் கெட்டுப்போன சொற்களுள் இதுவும் ஒன்று.

கண்டிக்கு அண்மையிலுள்ள பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிப்பவன் நான். மொழிபெயர்ப்புப் பாடத்தில் 'கன்வின்ஸ்', 'பர்சுவேட்' என்னும் ஆங்கில வினைகள் வரும்போதெல்லாம் மாணாக்கர் தயக்கமின்றி எழுதுவது நம்பவைத்தல் என்னும் இந்த ஒரு சொல்லைத்தான். விளைவு சில வேளைகளில் நகைப்புக்கு இடமாகும். "சத்திரசிகிச்சை செய்துகொள்ளுமாறு வைத்தியர் நோயாளியை நம்பவைத்தார்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை அதில் பெரிதாக இல்லை. எனினும் அதைப் படிக்கும் தமிழர் எவரும் அந்த வைத்தியரிடம் கைநாடி காட்டவும் துணியார்! வேறு சொல் கேட்டால் 'வற்புறுத்தினார்' என்பர். அதில் கழுத்தைப் பிடிக்கும் கை தெரிகிறது. 'வசப்படுத்தினார்' என்றாலோ மையும் மந்திரமும் மணக்கின்றன. 'சரிக்கட்டினார்' என்றால் மேசைக்கு அடியில் ஏதோ கைமாறியது போலிருக்கிறது. ஒருவர் மற்றவரிடம் நியாயத்தை எடுத்துக்கூறி அவர் மனத்தை நேர்வழியில் மாற்றினார் என்பதற்குத் தமிழில் மாசற்ற சொல் இல்லையா என்று அந்த மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடப் புகுந்தால் இலக்கணத்தோடு கண்டிச் சரித்திரமும் சேர்ந்தே வருகிறது.

இலக்கணத்தை முதலிற் பார்ப்போம். இணங்கு என்பது இணக்கு ஆகும்; அடங்கு அடக்கு ஆகும்; திருந்து திருத்து ஆகும்; தேறு தேற்று ஆகும். தானாகச் செய்வதும் பிறரைச் செய்விப்பதும் ஒரே வேரிலிருந்து, எழுத்து மட்டும் வலித்து, தாயும் பிள்ளையும் போலப் பிறக்கின்றன. திரும்பு திருப்பு ஆகிறது. நிரம்பு நிரப்பு ஆகிறது. ஆனால் நம்பு என்பது அவ்வாறு ஆவதில்லை. விரும்பு என்பதும் ஆவதில்லை. விருப்பு என்பது பெயராக நிற்குமேயன்றி வினையாகாது. பிறர் மனத்தில் விருப்பத்தையும் நம்பிக்கையையும் உண்டாக்கத் தமிழ் நேரான வினை ஒன்றைத் தரவில்லை. வை, செய், பண்ணு என்று வெளியிலிருந்து ஒரு துணைவினையைக் கூலிக்கு அமர்த்த வேண்டியிருக்கிறது. 'நம்பப்பண்ணு' என்னும் வடிவம் விவிலியத் தமிழில் உண்டு. அங்கே அதற்கு நற்பொருளும் உண்டு. எனினும் பேச்சில் வென்று நிலைத்தது 'வை'. இந்த வையின் இயல்பைக் கவனியுங்கள்: காக்கவைத்தான், ஏங்கவைத்தான், அழவைத்தான். காத்தவர்க்கும் ஏங்கியவர்க்கும் அழுதவர்க்கும் அதில் சம்மதம் கேட்கப்படவில்லை. சிரிக்கவைத்தான் என்பதும் உண்டென்பீர்கள். உண்டு, ஆனால் அங்கும் சிரித்தவர் தாமாக எண்ணிச் சிரிக்கவில்லை.

இனி, தொல்காப்பியத்தின் உரியியல் நம்பு என்னும் சொல்லுக்குக் கூறும் பொருள் நசை என்பது. நசையாவது விருப்பம், ஆசை. மெய்யென்று கொள்ளுதல் என்னும் இன்றைய பொருள் அங்கே இல்லை. நம் முன்னோர் ஒன்றை நம்பினர் என்றால் அதனை விரும்பினர் என்பதே பொருள். பிற்காலத்தில்தான் விரும்பியதை மெய்யென்று கொள்ளும் மனித இயல்பு சொல்லின் பொருளையும் இழுத்துக்கொண்டு வந்தது போலும். ஆகவே நம்பவைத்தல் என்பதன் பழைய உட்பொருள் ஆசைகொள்ளச் செய்தல். இதனை ஏட்டளவிலான ஆராய்ச்சி என்று தள்ளிவிட முடியாது. கண்டியில் வாழ்பவருக்கு இச்சொல்லின் பழம்பொருள் வீதியிலேயே கிடக்கிறது.

தலதா மாளிகையை அடுத்துள்ள மகுல் மடுவத்தில் 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. தேசாதிபதி றொபேட் பிரவுன்றிக் என்பவர் பெயரில் அது நடந்ததாயினும், அதற்கு முன் பல்லாண்டு உழைத்தவர் ஜோன் டொயிலி. சிங்களத்தை ஐயந்திரிபறக் கற்றவர் அவர். ஒற்றர், வணிகர், பிக்குகள் என்று பலர் வாயிலாகக் கண்டிப் பிரதானிகளின் மனங்களை அறிந்தவர். 1810 முதல் 1815 வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பைப் புரட்டினால், ஒவ்வொரு தலைவனும் எதனை அஞ்சினான், எதனை விரும்பினான் என்று அறிவதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொறுமை தெரியும். படை சென்றது உண்மையே. ஆனால் 1803இல் சென்ற ஆங்கிலப் படை அழிந்ததையும், 1815இல் சென்ற படை பெரும் போரின்றி நகர்புகுந்ததையும் ஒப்பிட்டால், இடையில் வேலைசெய்தது சொல்லே என்பது விளங்கும். பிரதானிகளின் உரிமைகள் காக்கப்படும் என்றும், பௌத்த சமயம் மீறப்படாது என்றும் ஒப்பந்தம் கூறியது. சில கையொப்பங்களில் தமிழ் எழுத்துகளும் உள்ளன. எஹெலபொல அரசுரிமையையே எதிர்பார்த்திருந்தார். தொல்காப்பியர் கூறும் பொருளிலும் நாம் கூறும் பொருளிலும் அவர் நம்பினார். 1817இல் ஊவாவில் கிளர்ச்சி எழுந்தது. அதனை அடக்கச் சென்ற கெப்பெட்டிப்பொல திசாவை கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்து, 1818 நவம்பரில் கண்டியில் தலைகொடுத்தார். அதே மாதப் பிரகடனம் பிரதானிகளின் உரிமைகளைக் குறைத்தது. எஹெலபொல 1825இல் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே மாண்டார். டொயிலி 1824இல் கண்டியில் இறந்தார். அவருடைய கல்லறை மாளிகைக்கு அருகிலுள்ள பழைய படைவீரர் மயானத்தில் இருக்கிறது.

சிங்களத்தில் 'நம்புவ' என்றால் மதிப்பு, கௌரவம். கௌரவப் பட்டங்களை 'நம்புநாம' என்பர். ஒலியாலும் கருத்தாலும் அது நம் சொல்லுக்கு உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது. பட்டங்களால் மனங்கள் வாங்கப்பட்ட ஊரில் அவ்வுறவு பொருத்தமானதுதான்!

பிரதானிகளின் கதையைச் சரித்திர ஆசிரியர்கள் எழுதிவிட்டார்கள். இன்னொரு கதை கண்டியின் பெயரால் கடலுக்கு அப்பால் நடந்தது. இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளின் சிற்றூர்களில் இலங்கை மலைநாடு முழுவதற்கும் ஒரே பெயர்தான் வழங்கியது: கண்டிச் சீமை. பேராதனையை அடுத்தும் கம்பளைப் பகுதியிலும் 1820களிற் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலம் முதல், ஆட்களைத் திரட்டிவரும் தொழில் ஒன்று உருவாயிற்று. அதற்கு மக்கள் இட்ட பெயர் ஆள்கட்டுதல். மூட்டை கட்டுவது போல ஆளைக் கட்டுதல்! மலையக நாட்டார் பாடல்களில் இன்றும் வழங்கும் சொல் இது. கட்டியவர் கங்காணி.

கங்காணி எப்படி நம்பவைத்தார் என்பதற்கு மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை உண்டு. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வந்தார்களாம். இக்கதையைக் கேட்டுச் சிரிப்போர் பலர், "இதைக் கூடவா நம்பினார்கள்!" என்று அந்த ஏழைகளின் அறியாமைக்கு இரங்குவோர் சிலர். எனக்கு இரண்டும் உடன்பாடல்ல. கதையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள். பொன் இல்லை, புதையல் இல்லை, மாடமாளிகை இல்லை. தேங்காயும் மாசியும் மட்டுமே. இவை ஒரு சம்பலுக்கு வேண்டிய பொருள்கள். சோற்றோடு தொட்டுக்கொள்ள ஏதேனும் ஒன்று. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் போன்ற பஞ்சங்களைக் கண்ட மண்ணில், கேட்பவனின் ஆசை அதற்கு மேல் நீளாது என்பதை அந்தக் கதை அறிந்திருக்கிறது. சொல்லப்பட்ட பொய்யின் அளவு கேட்டவர் பசியின் அளவாகும். மேலும், இக்கதை கங்காணியின் வாயிலிருந்து வந்ததோ, வந்துசேர்ந்து மலையைக் கண்டபின் மக்கள் தம்மைத் தாமே எள்ளிக்கொள்ளக் கட்டியதோ என்றும் நினைக்கவேண்டும். ஏமாந்தவர்கள் தாமே சொல்லிச் சிரிக்கும் கதையை, ஏமாறாத நாம் மெய்யென்று எடுத்துக்கொண்டு அவர்களைப் பேதையர் ஆக்கிவிடுகிறோம்.

உண்மையில் கங்காணிக்குக் கதை அதிகம் தேவைப்படவில்லை. அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்; உறவினர்; சில வேளை அதே சாதியினர். போன வருடம் வெறுங்காலோடு போனவர் இந்த வருடம் கோட்டும் தலைப்பாகையுமாக வந்து நின்றால், அதைவிட வேறு வாதம் என்ன வேண்டும்? வழிச்செலவுக்கும் பழைய கடனுக்கும் அவரே முற்பணம் தந்தார். நம்பவைத்தது அந்தக் கோட்டு. கட்டியது அந்தப் பணம். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்களுள் பலர் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் இரையாகி வழியிலேயே விழுந்தனர். வந்துசேர்ந்தவருக்குத் தோட்டக் கணக்கில் முதல் வரியே கடனாக இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் 'துண்டு' வேண்டும். கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் இவர்களைக் கொண்டுபோகலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒரு வருமானமும் இருந்தது. தம் சொல்லை நம்பிய ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் காசு பெற்ற ஒருவர் அச்சொல்லை எளிதில் விட்டுவிடுவாரா?

நம்பவைத்தல் என்னும் சொல்லில் மலையக மக்கள் இன்றும் ஒரு கசப்பை உணர்வதற்குக் காரணம் இது என்று நான் எண்ணுகிறேன். தமிழ்நாட்டிலும் அச்சொல்லுக்குக் குற்றம் உண்டு. ஆனால் அங்கு அது தனி மனிதர் ஒருவரின் துரோகம். இங்கோ ஒரு சமுதாயம் முழுவதும் ஒரு வாக்கியத்தின் இறுதிச் சொல்லாக மலையில் இறக்கப்பட்டிருக்கிறது.

இனி மறுபக்கம். அந்நியர் தோட்டத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்கிடக்கூடிய காலத்தில், புடவை வியாபாரி வேடத்தில் லயன்களுக்குள் சென்று நிலைமையைக் கண்டவர் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர். 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய இதழ்களை நடத்தினார், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார், சட்ட நிரூபண சபையிலும், பின்பு அரசாங்க சபையிலும் அங்கம் வகித்தார், 1947இல் காலமானார். அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடுவார். 1940இல் தம் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். ஆள்கட்ட வந்தவர் ஆசையைக் காட்டினார். நடேசய்யர் காட்டியது கணக்கை. சம்பளம் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, சட்டம் என்ன சொல்கிறது என்று அச்சிட்ட தமிழில் எடுத்துவைத்தார். அவர் நூல் ஒன்றின் பெயர் 'நீ மயங்குவதேன்?' என்பது. பெயரே வினாவாக இருப்பதைக் கவனிக்கவேண்டும். வாசிப்பவனை நோக்கி ஒரு வினாவை எழுப்பி, விடையை அவனிடமே விட்டுவிடுகிறது அது. மயக்கத்துக்கு எதிர்ச்சொல் தெளிவு. பழந்தமிழில் தெளிதல் என்றால் ஆராய்ந்து நம்புதல். திருக்குறளின் ஐம்பத்தோராம் அதிகாரத்துக்குத் தெரிந்து தெளிதல் என்று பெயர். நசையால் வரும் நம்பிக்கை வேறு, தெரிந்தபின் வரும் நம்பிக்கை வேறு என்று தமிழ் முன்னமே பிரித்து வைத்திருந்தது. நாம்தான் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

அடைத்ததன் பயனை 1964இற் கண்டோம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக நின்ற மக்களைப் பற்றி, அவ்வாண்டு அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்பது. அந்த எச்சத்தையும் 1974இற் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். உடன்படிக்கை என்பது எவ்வளவு அழகிய சொல்! உடன்பட்டவர்கள் இரண்டு அரசாங்கங்கள். உடன்படவேண்டிய மக்களோ கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை இணக்க எவரும் முயலவில்லை. எண்ணிக்கைக்கு இணக்கம் தேவையில்லை அல்லவா? அதன்பின் லயன்களில் இரவுகள்தோறும் பேச்சு. போவதா, இருப்பதா? தந்தை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். அங்கே நிலம் கிடைக்கும், கடன் கிடைக்கும் என்று கதைகளும் மறுபடி முளைத்தன. கதை இம்முறை எதிர்த்திசையில் நடந்தது. தேங்காயும் மாசியும் மட்டும் பெயர் மாறியிருந்தன. தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதத்துக்கு மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டார்கள். போனவர்களுட் சிலருக்கு நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கண்டிச் சீமையிற் பறித்த அதே கொழுந்து!

ஆகவே அந்த மாணவிக்கு நான் காட்டிய முதற்சொல் இணக்குதல். இணங்கு என்பதிலிருந்து நேரே பிறந்த பிறவினை. கூலிக்கு அமர்த்திய வையும் செய்யும் அதற்கு வேண்டா. இணை என்னும் ஒலி அதில் கேட்கிறது. இருவர் ஒருவருக்கொருவர் பொருந்துதல் தெரிகிறது. "நோயாளியைச் சத்திரசிகிச்சைக்கு இணக்கினார்" என்று எழுதினால் வைத்தியர் நல்லவர் ஆகிவிடுகிறார். இந்நாட்டிற் சொல் வழக்கிழந்தும் போகவில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து பின்னர் ஒழிந்த சமரச மன்றங்களையும், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளையும் மக்கள் இணக்க சபை என்றே சொல்வர். எல்லைத் தகராறும் கடன் தகராறும் சிறு அடிதடியும் அங்கு போகும். இச்சபைக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. தீர்ப்பு எழுதும் அதிகாரமும் இல்லை. இருதரப்பையும் உட்காரவைத்துப் பேசலாம், அவ்வளவே. பேசியும் இணங்காவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதைக் கொண்டு அவர் நீதிமன்றம் போகலாம். அந்தச் சீட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு காலத்தில் துரையின் துண்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு அசைய முடியாதிருந்த மண்ணில், "இவர் இணங்கவில்லை" என்பதையே உரிமையாக எழுதித்தரும் ஒரு துண்டு!

இணக்கு என்னும் சொல்லிலும் குறை இல்லாமல் இல்லை. இணக்க அரசியல் என்று நம்மவர் சொல்லும்போது அதில் ஏளனம் கலந்திருக்கிறது. நல்லிணக்கம் என்பதை 2010இல் ஆணைக்குழு ஒன்றின் பெயரிலேயே சேர்த்தார்கள்; இணக்கத்துக்கு 'நல்' என்று அடைகொடுக்க நேர்ந்ததே அச்சொல்லின் உடல்நிலையைக் காட்டும். அதனால் அதனினும் எளிய இன்னொரு சொல்லையும் மாணாக்கருக்குச் சொல்கிறேன். தமிழகத்தார் 'புரிகிறதா?' என்று கேட்குமிடத்து இலங்கையர் 'விளங்குகிறதா?' என்கிறோம். விளங்கு, விளக்கு: இதுவும் நேராகப் பிறந்த இணை. விளக்குபவன் வெளிச்சத்தை மட்டும் கொண்டுவருகிறான். காண்பது மற்றவரின் கண். 'எனக்கு விளங்கியது' என்னும்போது எழுவாயாக நிற்பதும் பொருளே. நான் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறேன். எவரும் என்னை எதுவும் செய்யவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்புத் திட்டம் ஒன்றில் தொழிலாளரைச் சேர்க்க நகரத்திலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். நன்றாகவே பேசினார். ஐந்து வருடத்தில் எவ்வளவு வரும், பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு உதவும் என்று படம் போட்டுக் காட்டினார். பாரங்களையும் பேனாக்களையும் வரிசையாக நீட்டினார். முதல் வரிசையில் கொழுந்துக் கூடையை மடிமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த மூதாட்டி பாரத்தை வாங்கவில்லை.

"வெளங்குச்சாம்மா?" என்று இளைஞர் கேட்டார்.

"ஆசையாத்தான் இருக்கு தம்பி. ஆனா வெளங்கல. நடுவுல காச எடுக்கணும்னா என்ன புடிப்பீங்க? அதச் சொல்லல்லியே. மொதல்லேருந்து சொல்லுங்க."

இளைஞர் படங்களை மடித்து வைத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று மாலை மூன்று பேர்தாம் கையெழுத்திட்டார்கள். அவர்களுள் அந்த மூதாட்டி இல்லை.